முதற்பிரதியும் கடைசி வாசகனும்

நமது நூல் வெளியீட்டு விழா எதுவாயினும் ஒரு வசனம் தவறாமல் ஒலிக்கும்: வாசகர்கள் அருகிவிட்டார்கள். தலைமையுரையில் ஒரு தடவை, ஆய்வுரையில் ஒரு தடவை, ஏற்புரையில் தழுதழுத்த குரலில் இன்னொரு தடவை. லிந்துலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எனக்கு, எழுந்து நின்று ஒன்று கேட்கத் தோன்றும். வாசகனைத் தேடி நீங்கள் எங்கே போனீர்கள்?

நான் எழுத்தாளன் அல்லன். ‘புத்தகப் பைத்தியம்’ என்று வீட்டார் சூட்டிய பட்டம் ஒன்றுதான் என்னிடம் உண்டு. ஞாயிறு பத்திரிகைகளின் இலக்கியப் பக்கங்களைக் கத்தரித்து ஒட்டிய கொப்பிகள், பழைய சஞ்சிகைகள், அட்டை கழன்ற நாவல்கள் எல்லாம் ஒரு மர அலுமாரியில் கிடக்கின்றன. மழைக்காலம் வந்தால் இங்கே சுவர் வியர்க்கும். தாள்களில் பூஞ்சணம் படரும். வெயில் முகங்காட்டும் நாளில் எல்லாவற்றையும் வெளியே பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பேன். “கொழுந்து வாட்டுற மாதிரியில்ல இருக்கு” என்பாள் மனைவி. உண்மைதான். வாட்டாத கொழுந்தும் துடைக்காத புத்தகமும் வீணாகிப் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதியின் வெளியீட்டுக்குப் போனேன். முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெற்றார். பணம் வைத்த உறை கைமாறியது. பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர்ப் பட்டியல் ஒரு மணித்தியாலம் வாசிக்கப்பட்டது. பொன்னாடைகளும் புகைப்படங்களும் முடிந்து, காசைக் கையில் பிடித்தபடி மேசையருகே போனேன். மீதிப் பிரதிகளைக் கட்டியாயிற்று, பிறகு பார்க்கலாம் என்றார்கள். வெறுங்கையோடு கடைசி பஸ் ஏறினேன்.

ஏழு மாதம் கழித்து, நகரத்தில் ஒரு பழைய பேப்பர்க் கடைக் குவியலில் அதே தொகுதி கிடந்தது. உள்ளே ‘அன்புடன்’ என்ற ஆசிரியரின் கையொப்பம். சில பக்கங்கள் ஓரம் ஒட்டியபடியே இருந்தன. ஒரு பிளேன்டீ காசுக்கு வாங்கினேன். அந்தப் பிரதியின் முதல் வாசகன் நான்தான்.

புரவலர்கள் இல்லாவிட்டால் நூலே அச்சாகாது என்று நண்பர்கள் என்னை மறிப்பார்கள். மறுக்கவில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. அச்சகக் கடனை அந்த உறைகள்தாம் அடைக்கின்றன என்பது எனக்கும் தெரியும். கொடுப்பவரில் எனக்குக் கோபமில்லை. கடன் அடைந்ததும் நூலின் பயணமும் முடிந்துவிட்டதாக நினைத்துக் கைகழுவும் எழுத்தாளர்களிடம்தான் எனக்கு வழக்கு உண்டு.

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பேசப்படும் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடக்கியவர். தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவரை புகையிரதப் பாதை எட்டியதும் அதே 1885இல்தான். தேயிலையை இறக்குவதற்குத் துரைமார் மலையைக் குடைந்து வழி செய்தார்கள். நமது நூல்களுக்கு அந்த மலையேறும் வழியை இத்தனை காலத்தில் நாம் செய்தோமா?

“தோட்டத்துச் சனங்களுக்கு வாசிப்பு ஏது?” என்று கேட்கும் படித்தவர்களும் நம்மிடையே உண்டு. மடகும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். சொல்லின் சுவை தெரியாத சனத்திடமா அவர் பாட்டுத் தேடினார்? 2024இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாய். ஒரு நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்த சம்பளத்தை ஒரே நூலுக்குக் கொடு என்று கேட்டுவிட்டு, வாங்கவில்லையே என்று அழுவது நியாயமாகாது.

என்மீதும் குற்றமுண்டு. அயல் லயத்துப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்புப் படிக்கையில், “மாமா, ஒரு கதப் பொஸ்தகம் தாங்க” என்று வந்தான். அழுக்காக்கிவிடுவான் என்ற பயத்தில் நாளைக்கு வா என்றேன். மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் வரவில்லை. பிற்பாடு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அலுமாரியைப் பூட்டிய நானும் மேசையைக் கட்டிய அவர்களும் ஒரே இனந்தான். இப்போது திறப்பு ஆணியில் தொங்குகிறது, யாரும் எடுக்கலாம். போன புத்தகங்களில் சில திரும்பவில்லை. பூஞ்சணம் தின்பதைவிட அது மேல்.

ஆகவே எழுத்தாளர்களிடம் கேட்கிறேன். அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும், விழாவுக்கு முன்பே, பத்துப் பிரதிகளை மலையகப் பாடசாலை நூலகங்களுக்கென ஒதுக்கி வையுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு உங்கள் நூலை மின்வடிவில் வைக்க அனுமதி கொடுங்கள். தோட்டத்துப் பிள்ளையின் கையிலும் இன்று தொலைபேசி இருக்கிறது. என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல் தேட்டம்’ பட்டியலில் உங்கள் நூல் பதிவாக ஒரு பிரதியை அனுப்புங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களுக்காக இன்றும் கலங்குகிறோம். எவரும் தீ வைக்காமலே, பரணிலும் பேப்பர்க் கடையிலும் அழிந்துகொண்டிருக்கும் நமது நூல்களுக்காக யார் கலங்குவது?

விழா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விற்பனை மேசையைக் கடைசி பஸ் போகும்வரை விட்டுவையுங்கள். முதற்பிரதியை ஒரேயொரு தடவையாவது ஒரு வாசகனுக்குக் கொடுங்கள். ஆள் அகப்படாவிட்டால் லிந்துலைக்கு ஒரு கடிதம் போடுங்கள். விடியற்காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். என்னால் உறை கொண்டுவர இயலாது. நூலின் விலையை எண்ணிக் கொண்டுவருவேன். ஊர் வந்து சேருமுன் பாதியை வாசித்தும் முடித்திருப்பேன்.