களத்தில் காயும் பள்ளி வயது

காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் வட்டாரத் தேங்காய்க் களங்களில் கொப்பரையோடு சேர்ந்து பிள்ளைகளின் படிப்பும் காய்கிறது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் களத்துச் சாளையிலேயே தங்கி வேலை செய்கின்றன. காய் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், வீட்டில் இருக்கிற கையெல்லாம் வேலையில் இறங்கும். அப்பா காய் உடைக்க, அம்மா தேங்காய்த் தொட்டியிலிருந்து பருப்பைப் பெயர்க்க, அக்காள் கைக்குழந்தையை இடுப்பில் சுமக்கிறாள். வானம் இருட்டினால் தம்பி ஓடிப்போய்ப் பருப்பை வாரி மூடுகிறான். இவர்களைப் ‘படிப்பு ஏறாத பிள்ளைகள்’ என்று கைகழுவுவது அநியாயம்.

சட்டத்தில் குறையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. பிறகு, ‘டி.சி. எங்கே?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்ப யாருக்கு உரிமை இருக்கிறது? 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு உண்டு. பெயரே பதியாத பிள்ளைக்கு அந்த ஒரு கரண்டி உப்புமாவும் எட்டாது.

‘பெத்தவங்களுக்கு ஒத்தாசை’ என்ற கள உரிமையாளர்களின் சாக்கும் செல்லாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத்தின் சொந்தத் தொழிலில், அதுவும் பள்ளி நேரம் போக மீதியிலும் விடுமுறையிலும் மட்டுமே பிள்ளைகள் உதவலாம் என்கிறது. களம் முதலாளியுடையது, கூலிக்காரருடையது அல்ல. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இனிச் சமாதானம் வேண்டாம். கல்வித் துறையும் தொழிலாளர் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து களம் களமாகக் கணக்கெடுக்க வேண்டும். பள்ளி திறக்கும்போது ஒருமுறை, வேலை மும்முரமான பருவத்தில் மறுமுறை. சான்றிதழ் கேட்காமல் சேர்த்து, வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறமான களங்களுக்கு வண்டி விட வேண்டும். கைக்குழந்தைகளை அங்கன்வாடி ஏற்காதவரை அக்காள்கள் பள்ளிக்கு வரமாட்டார்கள். அதற்கும் வழி செய்ய வேண்டும். மீறும் உரிமையாளர் மீது எச்சரிக்கையோடு நிற்காமல் வழக்குப் பதிய வேண்டும்.

ஆண்டுதோறும் ஜூன் 12இல் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. இத்தனையும் செய்து முடிக்கும்வரை அதை வாசிக்க எந்த அதிகாரிக்கும் அருகதை இல்லை.