இதயம் போட்ட கோடு

நான் பேசும் மைக்குக்குள் ஒரு காந்தமும் மெல்லிய கம்பிச்சுருளும் இருக்கின்றன. குரல் பட்டால் சுருள் அசையும். அந்த அசைவு மின்சாரமாகிவிடும். உங்கள் ஹெட்போனில் நடப்பது தலைகீழ்: மின்சாரம் வரும், சுருள் அசையும், பாட்டு கேட்கும்.

இந்த இரண்டாவது வித்தையால்தான், நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இதயத்தைப் படமெடுத்தார். இதயத்தின் மின்சாரம் தோலுக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதை, வலுவான காந்தத்தின் நடுவே நின்ற, வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையில் பாய்ச்சினார். இழை அசைந்தது; அதன் நிழல் கோடாகப் பதிவானது. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீரில் வைத்திருக்க வேண்டும். கருவியின் எடையோ சுமார் 270 கிலோ! 1924இல் அவருக்கு நோபல் பரிசு.

இன்று அந்தக் காந்தத்தின் வேலையை மின்னணுச் சில்லுகள் செய்கின்றன. இசிஜி எடுக்கச் சில நிமிடம் போதும். நாமோ நெஞ்சு வலித்தால், "காற்றுதான்" என்று ஓமத் தண்ணீர் தேடுகிறோம். காற்றா, இதயமா என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. நெஞ்சை அழுத்துகிறதா? வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? வியர்க்கிறதா? உடனே 999ஐ அழையுங்கள். முதல் இசிஜி சரியாக இருந்தாலும், மருத்துவர் இருக்கச் சொன்னால் இருங்கள். ஓமத் தண்ணீரை அப்புறம் குடிக்கலாம்.