இலவசக் காப்பீட்டு ஆலோசனையில் கைவைக்காதீர்கள்



மெடிகேர், மெடிகெய்டு என்ற இரண்டு அரசுக் காப்பீடுகளும் இருந்துவிட்டால் பெற்றோரின் மருத்துவச் செலவைப் பற்றிக் கவலையே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1965இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்த திட்டங்கள்தான் இரண்டும். ஆனால் மெடிகேரை நடத்துவது மத்திய அரசு. மெடிகெய்டு மாநிலத்தின் பொறுப்பு. இரண்டிலும் சேர்ந்திருந்து, இரண்டுக்கும் நடுவில் கடிதங்களோடு அல்லாடுபவர்கள் அமெரிக்கா முழுவதும் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல். எல்லோரும் வருமானம் குறைந்த முதியவர்கள் அல்லது உடல் குறைபாடு உள்ளவர்கள். இவர்களுக்கு வழிகாட்டும் இலவச ஆலோசனையை நிறுத்த வாஷிங்டனில் மீண்டும் மீண்டும் முயற்சி நடப்பதைக் கண்டித்து எழுதுகிறேன்.

ஷிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தத் திட்டம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கலிபோர்னியாவில் இதற்கு ஹைகேப் என்று பெயர், புளோரிடாவில் ஷைன். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள், எதையும் விற்காமல், கமிஷன் வாங்காமல் உதவுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஒரு பை நிறையக் கடிதங்களுடன் ஓர் அம்மா வந்தார். மகன் எடுத்த கிரீன் கார்டில் வந்து, ஐந்து வருடம் இங்கே தங்கிய பிறகு மெடிகேரில் சேர்ந்தவர். இங்கே வேலை பார்த்ததில்லை என்பதால், மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ அவருக்கு இலவசம் இல்லை. 2026இல் அதற்கு மாதம் 565 டாலர். மருத்துவர் செலவுக்கான பார்ட் பி இன்னொரு 202.90. இரண்டையும் மாநிலமே கட்டும் கியூ.எம்.பி. உதவி அவருக்குக் கிடைத்திருந்தது. அந்த உதவி உள்ளவரிடம் மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு மருத்துவரோ ஆய்வகமோ மீதிப் பணம் கேட்கவே கூடாது என்பது மத்தியச் சட்டம். ஆனாலும் ஓர் ஆய்வகம் அவருக்கு பில்லுக்கு மேல் பில் அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்தது சிவப்பு எழுத்தில், வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்போம் என்ற மிரட்டலோடு. அவர் மாதம் 40 டாலர் மணி ஆர்டர் வாங்கி அனுப்பி, ஒவ்வொன்றின் ரசீதையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். “கட்டாம விட்டா மகன் பேருக்கு ஏதாச்சும் வந்துடுமோ தம்பி?” என்றார்.

அதே பையில், பிரிக்கப்படாத உறைக்குள், மெடிகேர் அனுப்பிய சுருக்க அறிக்கை இருந்தது. ‘இது பில் அல்ல’ என்று மேலேயே போட்டு, அவர் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று அச்சிட்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஆய்வகத்தின் பில்லிங் பிரிவோடு போனில் வாதாடி, பில்லை ரத்து செய்ய வைத்தோம். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதற்குத்தான் வெகுநாள் பிடித்தது. சட்டம் அவர் பக்கம் இருந்தது. அதை எடுத்துச் சொல்லத்தான் அதுவரை ஆள் இல்லாமல் போயிற்று.

தகுதி இருந்தும் கியூ.எம்.பி. உதவியில் சேராதவர்கள் ஏராளம். மெடிகெய்டு பற்றிக் காங்கிரஸுக்கு ஆலோசனை சொல்லும் ஆணையம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, கியூ.எம்.பி.க்குத் தகுதியானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் அதில் சேர்ந்திருந்தார்கள். காகித வேலையே பெரிய தடை. அதைக் குறைக்க 2023 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஒருவர் மருந்துச் செலவு உதவிக்காக சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுத்த வருமான விவரத்தை மாநிலங்களும் எடுத்துக்கொண்டு, அதே சான்றுகளை மறுபடி கேட்காமல் சேர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், அந்த விதியில் நடைமுறைக்கு வராத பகுதிகளை 2034 செப்டம்பர் 30 வரை முடக்கிவிட்டது. இன்று 75 வயதில் இருப்பவர் அந்த முடக்கம் விலகும்போது 83, 84 வயதில் இருப்பார்.

பாதையைச் சீராக்க மாட்டார்கள், சரி. கைபிடித்து நடத்துபவரையாவது விட்டுவைக்கலாமே! 2016இல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு ஷிப்புக்கான பணத்தை முழுவதுமாக நீக்கப் பார்த்தது. 2018 நிதியாண்டுக்கான டிரம்ப் அரசின் பட்ஜெட்டும் அதையே சொன்னது. இரண்டு முறையும் திட்டம் தப்பியது. 2025 மார்ச்சில், ஷிப்பை நடத்திவரும் சமூக வாழ்வு நிர்வாகத்தையே பிரித்து வேறு அமைப்புகளுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். நாடு முழுமைக்கும் 2024 நிதியாண்டில் ஷிப்புக்கு ஒதுக்கியது சுமார் 5.5 கோடி டாலர்தான். மெடிகேர் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இதை மிச்சப்படுத்தி என்ன சாதிக்கப்போகிறார்கள்?

ஆலோசகர் இல்லாத இடத்துக்கு வருகிறவர் விற்பனை முகவர். இரட்டைக் காப்பீடு உள்ளவர்களுக்கென்றே தனியார் நிறுவனங்கள் சிறப்புத் திட்டங்கள் விற்கின்றன. மளிகைக்குக் கார்டு, பல் வைத்தியம், கண்ணாடி என்று விளம்பரம் செய்கின்றன. சில திட்டங்கள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் பல வருடங்களாகப் பார்த்துவந்த சிறுநீரக மருத்துவர் புதிய திட்டத்தின் நெட்வொர்க்கில் இல்லை என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியவருகிறது. அதை முன்னாலேயே விசாரித்துச் சொல்ல, அந்த விற்பனையில் லாபம் இல்லாத ஒருவர் வேண்டும்.

இங்கே கலிபோர்னியாவில் வேலை இன்னும் கூடிவிட்டது. 2024இல் எடுத்துவிட்ட மெடி-கால் (இம்மாநிலத்தின் மெடிகெய்டு) சொத்து வரம்பு 2026 ஜனவரி 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. தனிநபருக்கு 1,30,000 டாலர். ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டையும் நிலத்தையும் காட்ட வேண்டுமா என்று நம் பெரியவர்கள் பயந்து கேட்கிறார்கள். கோயில் வாசலில் யாரோ சொன்னதைக் கேட்டுப் படிவம் நிரப்பினால் காப்பீடே போகலாம்.

ஷிப் நிதியை வெட்டாமல் உயர்த்த வேண்டும். 2023 விதியின் முடக்கத்தை நீக்க வேண்டும். தமிழ் உட்பட முதியோர் பேசும் மொழிகளில் ஆலோசனை கிடைக்க வழிசெய்ய வேண்டும். வாக்குரிமை உள்ள வாசகர்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கும் செனட்டர்களுக்கும் இதை எழுதுங்கள். ‘முதியோர் நலன்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ஷிப் என்று பெயர் குறிப்பிட்டு, அடுத்த ஒதுக்கீட்டில் எப்படி வாக்களிப்பீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தன்னார்வ ஆலோசகர் ஒருவர்,
சான் ஹோசே, கலிபோர்னியா