விலை ஏறினால் மரமும் உயர்கிறது

செம்பனை எண்ணெய் விலை நாள்தோறும் வர்த்தகப் பக்கத்தில் வருகிறது. விலை உயர்ந்தால் தோட்டத்தில் உள்ள எல்லாருக்கும் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடந்த விடுமுறையில், பேராக்கில் என் மாமா குலை வெட்டும் தோட்டத்திற்குப் போய் வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மாமாவுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. வெளிக்காட்டில் ஒரு மரத்தைக் காட்டி, "நான் வேலைக்கு வந்த புதுசுல இதுல நின்ன இடத்துல இருந்தே உளியால குத்திக் குலையை எடுத்தேம்மா. இப்ப பாரு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். மூன்று மாடி உயரம் இருக்கும். நுனியில் அரிவாள் கட்டிய நீண்ட கம்பத்தைத் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடு. கம்பம் நீள நீள வளைகிறது, ஆடுகிறது. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள குலை எந்தப் பக்கம் விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டும். கண்ணில் தூசி விழுந்தாலும் பார்வையை எடுக்க முடியாது. முள் மட்டையும் கூடவே விழும். அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டால் உயிரே போய்விடும்.

செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டும். அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு 4 விழுக்காட்டு நிலத்திலாவது மறுநடவு நடக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் நாம் எட்டியது அதில் பாதியளவுதான்.

காரணம் விலை. மறுநடவு செய்தால் அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு வருமானம் இல்லை. 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. அந்த நேரத்தில் காய்க்கும் மரத்தைச் சாய்க்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? சரி, விலை விழுந்தால் செய்வார்களா? 2018 இறுதியில் விலை 2,000 வெள்ளிக்கும் கீழே போனபோது சிறுதோட்டக்காரர்களிடம் கன்று வாங்கவே காசில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் மரம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. மாமாவின் தோட்டத்தில் "அடுத்த வருசம் மறுநடவு" என்ற பேச்சு மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆள் பற்றாக்குறையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டு அந்நியத் தொழிலாளர்கள் வர முடியாமல் போனபோது, பழுத்த குலைகள் மரத்திலேயே அழுகின. உள்ளூர் இளைஞர்கள் ஏன் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். சோம்பேறிகள் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. குறைந்தபட்ச சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. அதே சம்பளத்திற்குக் குளிரூட்டிய கடையில் வேலை கிடைக்கும்போது, என் வயதுக்காரர் ஒருவர் மூன்று மாடி உயரத்து மரத்தடியில் ஏன் நிற்க வேண்டும்? வெட்டும் அளவுக்குத்தான் கூலி என்றால் உயரமான மரம் இன்னும் நஷ்டம். ஒரு குலைக்கு ஆகும் நேரமும் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. உயர மரத்துக்குக் கூடுதல் கூலி கொடுக்கும் தோட்டங்களும் உண்டு. ஆனால் விழும் குலையை அந்தக் காசு தடுக்காது.

இயந்திரம் வாங்கினால் போதும் என்பார்கள். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்ற மோட்டார் அரிவாள் நல்ல கருவிதான். வேலை வேகமாக நடக்கும், உடம்பும் அவ்வளவு நோகாது. ஆனால் உயரம் குறைந்த மரங்களுக்குத்தான் அது தோது. கிழட்டு மரங்களை வைத்துக்கொண்டு இயந்திரமயத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடத்திப் பயனில்லை.

ஆகவே மறுநடவைத் தோட்டக்காரரின் விருப்பத்திற்கு மட்டும் விடக்கூடாது என்பது என் கருத்து. சிறுதோட்டக்காரர்களுக்கு மானியமும் கடனும் சேர்ந்த அரசாங்க உதவித் திட்டம் இருக்கிறது. அது போதாது. மரம் காய்க்காத மூன்று ஆண்டுகளுக்குக் குடும்பம் நடத்தவும் உதவி வேண்டும். பெரிய தோட்டங்களைப் பொறுத்தவரை, விலை ஓர் அளவைத் தாண்டினால் அரசாங்கம் அவற்றிடம் எதிர்பாரா இலாப வரி வாங்குகிறது. மறுநடவு செய்யும் தோட்டத்திற்கு அதில் கழிவு கொடுக்கலாம், தள்ளிப்போடும் தோட்டத்திடம் கூட்டி வாங்கலாம். 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடும்படி முதலாளிகளைக் கேட்கிறது. அந்த மதிப்பீட்டில் மரத்தின் வயதையும் உயரத்தையும் எழுத வைக்க வேண்டும். இத்தனை அடிக்கு மேல் போன மரத்தில் மனிதர் நின்று வெட்டக்கூடாது என்று ஒரு வரம்பு வரட்டும். எத்தனை அடி என்பதை முடிவு செய்யும் மேசையில், கம்பம் பிடித்துப் பழகிய ஒருவருக்கும் நாற்காலி போட வேண்டும்.