முதலில் கிளட்ச், அப்புறம் குதிரைத்திறன்

குளிர்காலம் நெருங்க நெருங்க ஐடஹோவிலும் வயோமிங்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஸ்னோமொபைல் பட்டறைகளுக்கு வரும் பலரும் கேட்பது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும். டர்போ கிட்டின் விலையைச் சொல்லித்தான் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று இல்லை. ஆழமான பொடிப்பனியில் ஓட்டப்போகும் மலை வண்டிக்குக் குதிரைத்திறன் கடைசியாகச் சேர்க்க வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதிப்பதால்தான் பனிக்குள் புதைந்து நிற்கும் விலையுயர்ந்த வண்டிகள் பெருகுகின்றன.

புதிதாக விழுந்த பொடிப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். தண்ணீரோ 1,000 கிலோ. அந்தப் பஞ்சுக்கு மேல், எரிபொருள் நிரப்பாமலே ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள வண்டி மிதக்க வேண்டும். அதன் மேல் முழு உடுப்போடு ஓட்டுநரும் நிற்பார். பாதை வண்டியில் 129 அல்லது 137 அங்குல டிராக்கும் ஓர் அங்குலத்தை ஒட்டிய பற்களும் போதும். மலை வண்டிக்கு 154, 165, 174 அங்குலம் என்று டிராக் நீள்கிறது. பற்களும் இரண்டரை, மூன்று அங்குலத்துக்கு உயர்கின்றன. நீளம் மிதக்க வைக்கும், பல் பனியை அள்ளிப் பின்னே தள்ளும்.

நீளம் கூடினால் எல்லாம் கூடும் என்று வாடிக்கையாளர் நம்பினால் அந்த நம்பிக்கையை நாம் திருத்த வேண்டும். மரங்களுக்கு நடுவே நெளிந்து ஓட்டுபவருக்கு 154 அங்குலம் கைக்கு அடங்கும். திறந்த சரிவுகளில் நேராக ஏறுபவருக்கு 165க்கு மேல் பொருந்தும். எங்கே ஓட்டுகிறார் என்று கேட்காமல் டிராக் விற்கக்கூடாது. உயரமான பல்லுள்ள டிராக்கைப் பழைய டனலுக்குள் போடும்போது, அது முன்பக்கக் குளிர்விப்பானில் உரசாமல் சுற்றுகிறதா, ஓட்டும் பற்சக்கரத்தின் இடைவெளி டிராக்கின் இடைவெளியோடு பொருந்துகிறதா என்பதைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும்.

டிராக் மாறினால் இயந்திரத்தின் மீது விழும் சுமை மாறுகிறது. சுமை மாறினால் கிளட்ச் மாற வேண்டும். இந்தத் தொழிலில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் இடம் இதுதான்.

கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறும் ஒவ்வொரு தடவையும், டர்போ இல்லாத இயந்திரம் ஏறக்குறைய 3 சதவீதத் திறனை இழக்கிறது. கொலராடோவில் 3,000 மீட்டரில் நிற்கும் 165 குதிரைத்திறன் வண்டி உண்மையில் 115ஐ ஒட்டித்தான் தருகிறது. முன் கிளட்சின் எடைகள் சுழற்சி வேகத்தால் வெளியே விரிந்து தட்டுகளை நெருக்குகின்றன. ஸ்பிரிங் அவற்றை எதிர்க்கிறது. தாழ்வான இடத்துக்குப் பொருந்திய எடைகளை மலைமேலும் அப்படியே விட்டால், பலமிழந்த இயந்திரத்தை அவை அமுக்கிப் பிடிக்கும். உச்சத் திறன் தரும் சுழற்சியை அது எட்டவே எட்டாது. எடையைக் குறைத்தால் எட்டும். இந்தச் சிறு செலவில் மீளும் குதிரைத்திறனை, புது சைலன்சர் ஒன்றும் தந்துவிடாது.

பின் கிளட்சுக்கும் அதே கவனம் வேண்டும். பொடிப்பனியில் சுமை நொடிக்கு நொடி மாறுகிறது. வண்டி திடீரென்று ஆழமான பனிக்குள் மூக்கை நுழைக்கும்போது, ஹீலிக்ஸின் கோணமும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் சேர்ந்து பெல்ட்டை உடனே தாழ்ந்த விகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது தாமதித்தால் சுழற்சி விழும், டிராக் நிற்கும், வண்டி உட்கார்ந்துவிடும். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு இயந்திரத்தை அணைத்து, கிளட்சுத் தட்டைத் தொட்டுப் பாருங்கள். கையை வைக்க முடியாத சூடு இருந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது இரண்டு கிளட்சுகளும் ஒரே கோட்டில் இல்லை. எந்த அளவுகருவியும் வாங்காமல் ஒவ்வொரு மெக்கானிக்கும் வாடிக்கையாளருக்குக் கற்றுத்தரக்கூடிய பரிசோதனை இது.

சஸ்பென்ஷனில் நான் வலியுறுத்துவது லிமிட்டர் பட்டை ஒன்றைத்தான். இறுக்கினால் முன்பகுதி தாழ்ந்து சறுக்குப் பலகைகள் பனியைப் பிடிக்கும். தளர்த்தினால் மூக்கு எழும்பும். அளவுக்கு மீறித் தளர்ந்தால் டிராக் முன்னேறாமல் தனக்குத் தானே பள்ளம் தோண்டும். ஓட்டுநர் தோள்பையும் மண்வெட்டியும் உட்பட முழு உடுப்போடு வண்டிமேல் நிற்கும்போதுதான் இதை அமைக்க வேண்டும். பட்டறைத் தரையில் ஆளில்லாத வண்டியைப் பார்த்து அமைத்த அளவுக்கு மலையில் மதிப்பில்லை.

சின்ன வேலைகள் சிலவும் உண்டு. பனி தங்காமல் கீழே விழும் துளைக் கால்பலகைகள் நல்ல முதலீடு, ஏனென்றால் ஒட்டிக்கொண்ட பனியும் எடைதான். காற்றுத் துவாரங்களுக்கு நீர் ஒட்டாத வலை போடுங்கள். கிளட்ச் குளிர வேண்டும் என்று பக்கவாட்டில் ஓட்டை போட்டு அதை வலையில்லாமல் விட்டால், பனி உள்ளே புகுந்து பெல்ட்டை நனைக்கும். பின்மடலை வெட்டுபவர்கள், டிராக் எறியும் பனிதான் டனலுக்குள் உள்ள குளிர்விப்பானைக் குளிர வைக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இறுகிய பாதையில் திரும்பும்போது பனி கீறும் கம்பிகள் இல்லாவிட்டால் சூடு ஏறிவிடும். கார்புரேட்டர் வண்டியை மலையுச்சிக்கு ஏற்ப மெலிந்த ஜெட்டில் வைத்துவிட்டு, கடுங்குளிரில் பள்ளத்தாக்கில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் பொசுங்கும். சைலன்சரைக் கழற்றிச் சில கிலோ குறைப்பதை நான் ஆதரிக்கவில்லை. 50 அடி தூரத்தில் 78 டெசிபல் என்பது அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. அதை மீறும் இரைச்சல், நாம் ஓட்டும் மலைகளின் கதவை நமக்கே மூடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு டர்போவைப் பேசலாம். 2020 மாடலில் ஸ்கீ-டூ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. 8,000 அடி வரை 165 குதிரைத்திறன் குறையாது. 2022 மாடலில் போலாரிஸும் வந்தது. அவர்கள் இயந்திரம், கிளட்ச், குளிர்விப்பு மூன்றையும் ஒருசேர அமைத்தார்கள். வெளியே வாங்கிய டர்போ கிட்டை மட்டும் பொருத்தி, கிளட்சைத் தொடாமல் அனுப்பும் பட்டறை, பெல்ட்டைத் தின்னும் வண்டியைத்தான் அனுப்புகிறது.

இன்னொன்றையும் டர்போ மாற்றுகிறது. முன்பு வண்டியின் பலவீனமே எட்டவிடாத சரிவுகளுக்கு அது ஓட்டுநரைக் கொண்டுபோகிறது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் பிளக்கின்றன. எவர் அதிக உயரம் ஏறித் திரும்புகிறார் என்று போட்டியிடும் இடங்களும் அவைதான். 2010 மார்ச் 13 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் அப்படி ஒரு கூட்டத்தின் மீது சரிவு விழுந்து 2 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 30 பேர் காயமுற்றார்கள். கூடியிருந்தவர்களில் பலர் கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள். மாற்றியமைத்த வண்டியை ஒப்படைக்கும்போது இதைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு: சரிவில் ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் அதன் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும்.

புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதன் பிறகு வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. எனவே மண்வெட்டியும் துழாவுகோலும் ஓட்டுநரின் முதுகில் இருக்க வேண்டும், டனல் பையில் அல்ல. சரிவில் வண்டியும் ஆளும் பிரிந்துவிடுவார்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்சீவர் ஒலிபரப்பும்போது மின்கருவிகளிலிருந்து 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் விலகியிருக்க வேண்டும். நாம் சேர்க்கும் சூடான கைப்பிடிகள், திரைகள், கூடுதல் விளக்குகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வண்டியை வாங்க வருபவரை டிரான்சீவரோடு வரச் சொல்லுங்கள். இயந்திரம் ஓடும்போது அதைத் தேடும் நிலையில் வைத்து, வண்டியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் சிக்னல் தெளிகிறது என்று அவர் கண்முன்னே பார்த்து, அந்தத் தூரத்தையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்.