அப்பாவின் 555 புத்தகமும் என் கடவுச்சொற்களும்

காஹாங்கில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஓர் இழுப்பறை இருக்கிறது. மின்கட்டண ரசீதுகள், தம்பியின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றோடு ஒரு 555 புத்தகமும் அதில் கிடக்கும். மளிகைக் கடைகளில் கடன் எழுதும் அந்தக் குட்டிப் புத்தகத்தை மலேசியர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால், அப்பா அதில் கடன் எழுதவில்லை. மின்னஞ்சல், வங்கி, தொலைபேசிக் கட்டணச் செயலி என்று எங்கள் வீட்டின் எல்லாக் கடவுச்சொற்களையும் நீல மையில் எழுதி வைத்திருக்கிறார்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு வந்தபோது, அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொன்னேன். கைப்பேசியில் 'பாஸ்வேர்டு மேனேஜர்' என்னும் கடவுச்சொல் பெட்டகம் ஒன்றை நிறுவியிருந்த பெருமை எனக்கு. எல்லாக் கடவுச்சொற்களையும் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும், நாம் ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்று விளக்கினேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை இருபது ஆண்டுகளாக ஓட்டும் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கம்பெனி பெட்டியையே ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டா என்ன செய்வ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இடைநிலைப்பள்ளி நாள்களில் என்னிடம் இருந்தது ஒரே கடவுச்சொல். என் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. மின்னஞ்சலுக்கும் அதுதான், முகநூலுக்கும் அதுதான், தோழிகளோடு விளையாட ஒரு சிறிய இணைய விளையாட்டுத் தளத்தில் பதிந்துகொண்டபோதும் அதுதான். மெட்ரிகுலேஷன் முடித்து, யூ.பி.யூ. வழி விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில், ஒரு காலை என் மின்னஞ்சலுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டிருந்தார்கள். விளையாட்டுத் தளத்தின் பயனர் பட்டியல் கசிந்துவிட்டது என்று பிறகுதான் தோழி ஒருத்தி சொன்னாள்.

மீட்புக்குக் கொடுத்திருந்த கைப்பேசி எண், எப்போதோ காலாவதியான பழைய முன்கட்டண எண். மீட்பு மின்னஞ்சலாக அப்பாவின் முகவரியைக் கொடுத்திருந்தேன். அதை அவர் திறந்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. ஆனால், 555 புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. அன்று மாலையே கணக்கு மீண்டது. என்னைக் காப்பாற்றிய புத்தகத்தைத்தான் ஓராண்டு கழித்துத் தூக்கிப் போடச் சொன்னேன்.

என் கணக்கைத் திருடியவர் பெரிய மேதை அல்லர். ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் பட்டியலை எடுத்து, அதே இணையைப் பிற தளங்களிலும் பொருத்திப் பார்க்கும் வேலையைக் கணினி நிரல்கள் தாமாகவே செய்கின்றன. பூட்டை உடைக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் எடுத்த சாவியைத் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளிலும் போட்டுப் பார்ப்பதுதான் அது. ஒரே சாவியை எல்லாக் கதவுகளுக்கும் வைத்திருந்தவள் நான்.

கசிவு எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2017 அக்டோபரில், மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 லட்சம் எண்களைக் கொண்ட தரவுகள் கசிந்த செய்தியை லோயாட் இணையத்தளம் வெளியிட்டது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். எண்களோடு முகவரிகளும் அடையாள அட்டை எண்களும் அதில் இருந்தன. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் நம் பிறந்த நாள். ஆக, பிறந்த நாளும் அடையாள அட்டை எண்ணும் இனி இரகசியங்கள் அல்ல. அவற்றைக் கடவுச்சொல்லாக வைப்பது, கதவைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைப்பது போன்றது.

ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வேண்டும் என்பது இதனால் புரிகிறது. ஆனால், ஐம்பது கடவுச்சொற்களை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? அந்த இடத்தில்தான் கடவுச்சொல் பெட்டகம் வருகிறது. அது ஒவ்வொரு தளத்துக்கும் நீளமான, பொருளற்ற ஒரு கடவுச்சொல்லை உருவாக்கி, எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து வைக்கிறது. அந்த மறையைத் திறக்கும் சாவி நம் முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கிறது. முறையாக வடிவமைத்த பெட்டகத்தில் அந்த முதன்மைக் கடவுச்சொல் நிறுவனத்துக்கே தெரியாது.

அப்படியானால் அப்பாவின் கேள்வி? பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால்? அது உண்மையில் நடந்திருக்கிறது.

3 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்டிருந்த லாஸ்ட்பாஸ் நிறுவனம், 2022 டிசம்பர் 22ஆம் நாள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஊடுருவியவர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளை நகலெடுத்துச் சென்றுவிட்டார்கள் என்றது அது. அந்தச் சேமிப்பகத்தின் சாவிகளை அணுகக்கூடிய பொறியாளர்கள் நால்வர் மட்டுமே. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியில் விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் நிரலைப் புகுத்தி, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைத் திருடியே உள்ளே நுழைந்தார்கள் என்பது 2023இல் வெளியானது. பெட்டகத்தில் கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால், எந்தெந்தத் தளங்களில் ஒருவருக்குக் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் மறையாக்கம் செய்யப்படவில்லை. யாருக்கு எங்கே கணக்கு இருக்கிறது என்பது திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டி திருடு போனால் எல்லாம் போய்விடுமா? இல்லை. திருடர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை ஊகித்துத்தான் திறக்க வேண்டும். ஒவ்வோர் ஊகத்துக்கும் கணினி ஒரே கணக்கைப் பல்லாயிரம் முறை போடும்படி பெட்டகங்கள் அமைக்கப்படுகின்றன. லாஸ்ட்பாஸில் அப்போது புதிய கணக்குகளுக்கு அந்த எண்ணிக்கை 100,100ஆக இருந்தது. பழைய கணக்குகள் சிலவற்றில் அது 5,000 அளவிலேயே விடப்பட்டிருந்தது. பழைய அமைப்போடு எளிய முதன்மைக் கடவுச்சொல்லும் சேர்ந்திருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். 2022இல் ஒரு கடவுச்சொல் பெட்டகத்திலிருந்து திருடப்பட்ட தகவல்களைக் கொண்டே 15 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள மின்னிலக்க நாணயம் கொள்ளையடிக்கப்பட்டதாக, அமெரிக்க விசாரணையாளர்கள் 2025இல் நீதிமன்ற ஆவணத்தில் குறிப்பிட்டனர்.

எனவே, "பெட்டகம் பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்கு, "உங்கள் முதன்மைக் கடவுச்சொல் எப்படிப்பட்டது?" என்பதே பாதிப் பதில்.

நல்ல முதன்மைக் கடவுச்சொல்லுக்கு நீளம்தான் பலம். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளை எத்தனை வகையாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 20,882 கோடி வரும். இன்றைய கணினிகளுக்கு இது பெரிய எண் அன்று. 1995இல் அர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் ஒரு வழி சொன்னார்: பகடையை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சொற்களைத் தேர்ந்தெடுங்கள். நான்கு சொற்களுக்கே ஏறக்குறைய 3,656 லட்சம் கோடி வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஆறு சொற்கள் என்றால் இன்னும் பல மடங்கு. குடை, ஆமை, பலகை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் மனத்தில் படமாக ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியும் இதைச் செய்யலாம். ஆனால், சொற்களைத் தேர்வது பகடையாக இருக்க வேண்டும், நம் விருப்பமாக இருக்கக் கூடாது.

தமிழ் மாணவர்களான நமக்கு இங்கே ஓர் ஆசை வரும்: மனப்பாடமான ஒரு திருக்குறளையே வைத்துவிடலாமே! நானும் வைத்திருந்தேன். குறள்கள் 1,330தான். எழுத்துக்கூட்டலை நூறு விதமாக மாற்றினாலும் ஒரு லட்சத்துச் சொச்சம். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. உலகமே அறிந்த வரி இரகசியம் ஆகாது. பாடல் வரிக்கும் இது பொருந்தும்.

இனி, மாற்று வழிகளைப் பார்ப்போம்.

உலாவியிலேயே கடவுச்சொல்லைச் சேமிப்பது பலரும் செய்வது. இலவசம், எளிது. ஒரே கடவுச்சொல்லை எங்கும் பயன்படுத்துவதைவிட நிச்சயம் மேல். ஆனால், கல்லூரிக் கணினிக்கூடத்திலோ தோழியின் மடிக்கணினியிலோ அவசரத்தில் 'சேமி' என்று அழுத்திவிட்டால் சாவியை அங்கேயே விட்டு வருகிறோம்.

கீபாஸ் போன்ற இலவசச் செயலிகள் பெட்டகத்தை இணையத்தில் வைக்காமல் நம் கணினியிலேயே ஒரு கோப்பாக வைக்கின்றன. திருடுவதற்கு நிறுவனப் பெட்டி எதுவும் இல்லை. ஆனால், மடிக்கணினி கெட்டுப்போனால், வேறிடத்தில் பிரதி இல்லாதவருக்கு எல்லாமே போய்விடும். அதிலும் குறை வராமல் இல்லை. கணினியின் நினைவகத்திலிருந்து முதன்மைக் கடவுச்சொல்லை ஏறக்குறைய முழுதாக மீட்டெடுக்க வழிவிடும் ஓட்டை 2023இல் கீபாஸில் கண்டறியப்பட்டு, புதிய பதிப்பில் அடைக்கப்பட்டது. இற்றைப்படுத்தாத செயலி பாதிப் பூட்டுதான்.

அடுத்தது, அப்பாவின் 555 புத்தகம். அதை நான் ஏளனம் செய்திருக்கக் கூடாது. புகழ்பெற்ற பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005லேயே, கடவுச்சொற்களைத் தாளில் எழுதி வையுங்கள் என்று பரிந்துரைத்திருக்கிறார். வேறொரு கண்டத்தில் இருக்கும் திருடனால் காஹாங்கில் எங்கள் வீட்டு இழுப்பறைக்குள் கைவிட முடியாது. ஆனால், அந்தப் புத்தகத்துக்குக் கண் இல்லை. வங்கியின் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளம் ஒன்று திறந்தால், அப்பா புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்துவிடுவார். பெட்டகமோ தளத்தின் முகவரி மாறியிருப்பதைக் கண்டு தானாக நிரப்ப மறுத்துவிடும். புலனத்தில் வரும் இணைப்புகளால் பணத்தை இழப்போரைப் பற்றி அடிக்கடி படிக்கும் நமக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

கடைசியாக, 'பாஸ்கீ'. கடவுச்சொல்லே இல்லாமல், கைப்பேசியின் கைரேகை அல்லது முகப்பூட்டைக் கொண்டு உள்நுழையும் முறை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் 2022இல் இதை விரிவாக்க ஒப்புக்கொண்டன. போலித் தளத்தில் இது வேலை செய்யாது என்பதே இதன் சிறப்பு. எல்லாத் தளங்களும் இன்னும் இதை ஏற்கவில்லை என்பதால், இப்போதைக்குக் கடவுச்சொற்கள் நம்மை விட்டுப் போகப்போவதில்லை.

இத்தனையையும் எடைபோட்ட பிறகு என் கருத்து இதுதான்: பெட்டகம் உடைபடலாம், புத்தகம் தொலையலாம். ஆனால், இரண்டுமே ஒரே கடவுச்சொல்லை எங்கும் வைப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவை. "முழுப் பாதுகாப்பு இல்லை" என்று சொல்லி எதையுமே செய்யாமல் இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

கல்விக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் கணக்குகளுக்கு அடையாள அட்டை எண்ணையே முதல் கடவுச்சொல்லாகக் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், மாணவர்கள் கடைசி எண்ணை ஒன்றிலிருந்து இரண்டாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், கசிவுக்கு அறிகுறி இல்லாதபோது அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017லேயே வழிகாட்டியது.

நண்பர்களே, இன்றிரவே மூன்று காரியங்கள் செய்யலாம். ஒன்று, 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று இலவசமாகப் பாருங்கள். இரண்டு, மின்னஞ்சலுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கடவுச்சொல்லை வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் முடுக்கிவிடுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வாசல் மின்னஞ்சல்தான். மூன்று, மீட்பு எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். தம்பிக்கும் எனக்கும் கைப்பேசியில் பெட்டகம். வங்கிக்கு அப்பா செயலியை மட்டுமே பயன்படுத்துகிறார், இணைப்பு எதையும் தட்டுவதில்லை. என் முதன்மைக் கடவுச்சொல்லின் ஆறு சொற்களை ஒரு தாளில் எழுதி, இது எதற்கு என்று குறிக்காமல் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்து 555 புத்தகத்துக்குள் வைத்து, இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.