பதினோரு மணிக் காட்சிக்கு யார் வருவார்?

திங்கட்கிழமை காலையானால் கைப்பேசியில் ஓர் எண் வந்து விழுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் இத்தனை கோடி. அந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. சாதியைப் பேசும் படம் வெளியான வாரமென்றால் இன்னும் பதற்றத்தோடு தேடுவேன். எண் பெரிதாக இருந்தால் நண்பர்களுக்கு அனுப்பிவைப்பேன், ஏதோ தேர்தலில் ஜெயித்துவிட்டதைப் போல. சிறிதாக இருந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் எதிர்த்தரப்பு பேசாமல் இருக்காது. "மக்கள் தீர்ப்பு சொல்லிட்டாங்க, சாதிப் படம் சலிச்சுப் போச்சு" என்று யாராவது எழுதிவிடுவார்கள். அதே ஆள், படம் ஓடிவிட்டால் "அவங்க ஆளுங்க எல்லாம் சேர்ந்து ஓட்டிட்டாங்க" என்பார். ஓடினால் சாதி, ஓடாவிட்டால் மக்கள்.

இந்த எண் எதைத்தான் அளக்கிறது என்று நான் நிதானமாக யோசிக்கத் தொடங்கியது ஒரு தியேட்டர் வாசலில்.

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. சாதியைப் பேசும் இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து'. இன்னொன்று இரா. சரவணன் இயக்கத்தில் சசிகுமார் நடித்த 'நந்தன்'. முதல் படத்தில், நன்றாக ஆடத் தெரிந்த ஓர் இளைஞனைச் சாதியைக் காரணமாக வைத்து ஊர் கிரிக்கெட் அணியில் சேர்க்க மறுக்கிறார்கள். இரண்டாவது படத்தில், ரிசர்வ் செய்யப்பட்ட ஊராட்சிக்குத் தன் பேச்சைக் கேட்கும் ஆள் ஒருவரைப் பெயருக்குத் தலைவராக்கி வைத்து, ஆதிக்கச் சாதிக்காரர் அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்திருக்கப் பார்க்கிறார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தேர்தலே நடத்த முடியாமல் போன கதையையும், மேலவளவில் 1997இல் நடந்த கொலைகளையும் அறிந்தவர்களுக்கு அந்தக் கதையில் கற்பனை எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

நான் அந்த வாரம் ஊரில் இருந்தேன். சித்தி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், திரும்ப இறக்கிவிட ஆறரை ஆகிவிடும். "ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போட்டி" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் 'நந்தன்' பார்க்கலாம் என்றேன். பக்கத்து டவுனில் இரண்டு திரை கொண்ட ஒரே தியேட்டர். அங்கே அந்தப் படத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே காட்சி, காலை பதினோரு மணிக்கு. மாலையும் இரவும் மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்த விஜய் படத்துக்கும் மற்றவற்றுக்கும் கொடுத்திருந்தார்கள்.

காலை பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் யார் இருப்பார்கள்? தீப்பெட்டி ஆபீஸ், நூறு நாள் வேலை, கொத்த வேலை, களையெடுப்பு என்று போனவர்கள் போக, மிச்சம் இருப்பது வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். அந்தப் படம் யாருடைய கதையோ, அவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் அது ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து சித்தி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், நான் என நான்கு பேர் பஸ் ஏறிப் போனோம். கவுண்டரில் எங்களையும் சேர்த்து ஏழு பேர். "பத்துப் பேருக்குக் கம்மியா இருந்தா ஓட்ட மாட்டோம்மா" என்றார் டிக்கெட் கொடுப்பவர். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஏழு பேருக்குக் காட்சி ஓட்டினால் கரண்டுக் காசுகூடத் தேறாது. மதியம் இரண்டரைக்கு 'லப்பர் பந்து' இருக்கிறது, இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பார்த்தோம்.

அன்றைய கணக்கில் 'நந்தன்' படத்தின் அந்தக் காட்சிக்கு வசூல் பூஜ்ஜியம் என்று ஏறியிருக்கும். டிக்கெட் எடுக்க வந்து நின்ற ஏழு பேர் எந்தக் கணக்கிலும் இல்லை.

வார இறுதி வசூல் என்று நாம் பகிரும் எண் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். இந்தியாவில் எல்லாத் தியேட்டர்களின் டிக்கெட் விற்பனையையும் ஒரே இடத்தில் பதிந்து வெளியிடும் அரசு ஏற்பாடு எதுவும் இல்லை. டிக்கெட் விற்பனையைக் கணினிமயமாக்கி வெளிப்படையாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கை திரைத்துறைக்குள்ளேயே பழையது. அதுவரை நம் கைக்கு வருவது மதிப்பீடுதான். ஆன்லைனில் பதிவாகும் டிக்கெட்டுகளையும் தெரிந்த தியேட்டர்களின் நிலவரத்தையும் வைத்து வணிக வட்டாரத்தினர் கணிப்பது, அல்லது தயாரிப்பாளர் தன் போஸ்டரில் அச்சிடுவது. ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் எண் பெரும்பாலும் மொத்த வசூல். அதிலிருந்து வரி போய், தியேட்டரின் பங்கு போய், விநியோகஸ்தரின் கமிஷன் போய் மிச்சம்தான் தயாரிப்பாளருக்கு.

அதைவிட முக்கியமானது, முதல் மூன்று நாள் எண்ணில் பெரும்பகுதி படம் வெளியாகும் முன்பே முடிவாகிவிடுகிறது என்பது. எத்தனை திரை, எந்த ஊர், எத்தனை மணிக் காட்சி என்பதை விநியோகஸ்தரும் தியேட்டர்காரரும் நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்து முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்கள். முந்நூறு திரையில் மாலைக் காட்சி கிடைத்த படத்தையும் ஐம்பது திரையில் காலைக் காட்சி மட்டும் கிடைத்த படத்தையும் ஒரே தராசில் வைத்து "எதை மக்கள் விரும்பினார்கள்" என்று கேட்பது என்ன நியாயம்? திங்கட்கிழமை அந்த எண்ணைக் காட்டியே சிறிய படத்தின் மிச்சக் காட்சிகளையும் குறைக்கிறார்கள். இடம் கொடுக்காததால் ஆள் வரவில்லை. ஆள் வரவில்லை என்று சொல்லி இருந்த இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். இட ஒதுக்கீட்டு விவாதத்தில் நாம் கேட்டுப் பழகிய தர்க்கம்தான் இது. வாய்ப்பைக் கொடுக்காமலே திறமையை அளப்பது.

இதைத் தாண்டி வந்த படங்களும் உண்டு. 'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பர் 28 அன்று வெளியானது. முந்தைய நாள்தான் மணிரத்னத்தின் 'செக்கச் சிவந்த வானம்' வந்திருந்தது. அடுத்த வாரமே '96' வந்தது. நடுவில் நசுங்கிப் போயிருக்க வேண்டிய படம், பார்த்தவர்கள் வாயாலேயே பரவி நின்றது. 'லப்பர் பந்து' படத்துக்கும் அப்படித்தான் நடந்தது. எனவே காட்சி நேரத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஒரே நாளில் வந்த இரண்டு படங்களில் ஒன்று வாரக்கணக்கில் ஓடியதற்கும் இன்னொன்று தியேட்டரில் நிற்காததற்கும் படத்துக்குள்ளேயும் காரணம் இருக்கிறது.

'லப்பர் பந்து' எல்லோருக்கும் உட்கார ஓர் இடம் வைத்திருக்கிறது. கிரிக்கெட் பிடித்தவர், விஜயகாந்த் பாட்டுக்கு விசிலடிப்பவர், மாமனார் மருமகன் சண்டையை ரசிப்பவர் என யாரும் வரலாம். ஆதிக்கச் சாதி வீட்டுப் பையனும் தன் அணியோடு வந்து சிரிக்கலாம். சிரித்துக்கொண்டிருக்கும்போது, தன் ஊர் அணியில் யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்கவில்லை என்று ஒரு கணமாவது அவனுக்கு உறுத்தும். 'நந்தன்' அந்தச் சலுகையைத் தருவதில்லை. அது அவமானத்தை நேராகப் பார்க்கச் சொல்கிறது. அதைப் பார்க்க மறுப்பவர்கள் ஆதிக்கச் சாதியினர் மட்டும்தான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு 'நந்தன்' ஓடிடியில் வந்தபோது சித்தி வீட்டில் என் மடிக்கணினியில் போட்டேன். பாதிகூட ஓடியிருக்காது. "நிப்பாட்டுட்டி" என்றாள்.

"ஏன் சித்தி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. நம்ம பட்ட சீரழிவ நான் எதுக்கு உக்காந்து பாக்கணும்? பாக்க வேண்டியவன் பாத்தானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்காகச் சினிமாவும் பார்வையாளரும் பற்றி இத்தனை வருடங்களாகப் படிக்கிறேன். ஆனால் "பாக்க வேண்டியவன்" என்று ஒருவன் இருக்கிறான் என்பதையும், வசூல் கணக்கு அவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் சித்தி சொல்லித்தான் யோசித்தேன். இரண்டு நாள் கழித்து, அடுப்படியில் நின்றபடி, "அந்தப் படத்துல கடைசில என்னதான் ஆச்சு?" என்று அவளே கேட்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். படத்தை அவள் வேண்டாம் என்று ஒதுக்கிவிடவில்லை. ஆறு நாள் உழைத்துக் கிடைக்கும் ஒரே விடுமுறையில், காசு கொடுத்து, தன் காயத்தைத் தானே கிளறிப் பார்க்க அவளுக்கு மனமில்லை. அவ்வளவுதான். இதை "மக்கள் நிராகரித்துவிட்டார்கள்" என்ற வாக்கியத்துக்குள் எப்படி அடைப்பது?

பாக்க வேண்டியவன் வந்து பார்த்தால் மட்டும் எல்லாம் மாறிவிடுமா? 'மாமன்னன்' 2023 ஜூன் 29 அன்று வெளியானது. பெரிய நடிகர்கள், பெரிய வெளியீடு, நல்ல வசூல். நாமும் கொண்டாடினோம். அடுத்த மாதம் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். பகத் பாசில் நடித்த ரத்தினவேலு என்ற சாதி வெறியனின் காட்சிகளை வெட்டி எடுத்து, சாதிப் பெருமைப் பாடல்களைப் பின்னணியில் போட்டு, அவனையே நாயகனாக்கிப் பரப்பினார்கள். படம் பார்வையாளரைக் கண்டடைந்தது, அந்தப் பார்வையாளரில் ஒரு பகுதியினர் அதற்குள் தங்கள் ஆளைக் கண்டடைந்தார்கள். படம் வெளியாகி ஆறு வாரத்தில், ஆகஸ்ட் 9 அன்று, நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். படத்தால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. படம் ஓடியதால் அது நடக்காமல் போகவும் இல்லை. கோடிகளை நம் அரசியலின் வெற்றியாக எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஆகஸ்டுக்குப் பிறகாவது அந்தப் பழக்கம் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

தமிழ் சினிமாவும் அரசியலும் பற்றி 1981இல் வெளியான தன் நூலில் கா. சிவத்தம்பி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதிப் படிநிலை இல்லை, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு என்பது அதன் சாரம். கோயிலுக்குள் போக முடியாத பாட்டன் கொட்டகைக்குள் போக முடிந்தது சாதாரண விஷயமில்லை. ஆனால் காசு இருந்தும் கதவு மூடப்படும் என்பதை 2023 மார்ச்சில் சென்னையில் பார்த்தோம். கையில் டிக்கெட்டோடு 'பத்து தல' பார்க்க வந்த நரிக்குறவர் சமூகத்தினரை ஒரு தியேட்டர் ஊழியர் வாசலிலேயே தடுத்த காணொளி பரவியது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். டிக்கெட் எடுத்தாலே எண்ணிக்கையில் சேர்ந்துவிடலாம் என்றிருந்தால், அவர்களும் அன்றைய வசூலில் இருந்திருப்பார்கள். உள்ளே போகத்தான் போராட வேண்டியிருந்தது.

ஆகவே தோழர்களே, எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாதி எதிர்ப்புப் படம் எடுப்பவருக்கு அடுத்த படம் கிடைப்பது இந்தப் பணத்தால்தான். போட்ட காசு திரும்பி வர வேண்டும். எண்ணை மக்கள் தீர்ப்பாக வாசிக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். "படம் ஓடவில்லை" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், எத்தனை திரையில், எத்தனை மணிக் காட்சியில் என்று திருப்பிக் கேளுங்கள். "நூறு கோடி" என்று நம்மில் ஒருவர் கொண்டாடினால், யார் பார்த்தார்கள், பார்த்துவிட்டு யாரைக் கொண்டாடினார்கள் என்று அவரையும் கேளுங்கள். சிறிய படங்களுக்கு முதல் வாரம் முழுக்க ஒரு மாலைக் காட்சியாவது உறுதி செய்ய வேண்டும் என்பது நாம் அரசிடமும் திரைத்துறைச் சங்கங்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை.

சித்தியின் கேள்வி அதன் பிறகும் மிச்சமிருக்கிறது. பாக்க வேண்டியவன் தானாக டிக்கெட் எடுத்து வரமாட்டான். அவன் எங்கள் விடுதியில் அடுத்த அறையில் இருக்கிறான், உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிறான், உங்கள் கிரிக்கெட் அணியில் இருக்கிறான். போன மாதம் எங்கள் விடுதியில் 'நந்தன்' திரையிட்டோம். பதினாறு பேர் வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் நான் எதிர்பார்க்காதவர்கள். ஒருவன் பாதியில் எழுந்து போய்விட்டான். இரண்டு பேர் கடைசிவரை இருந்தார்கள், ஒன்றும் பேசவில்லை. அடுத்த திரையிடல் எப்போது என்று மட்டும் ஒருவன் கேட்டான்.